யூரி அழுவதில் தவறு என்ன? ‘ஏலியன் நைன்’ பற்றிய ஒரு கேள்விக்குப் பதில்

மூன்று கேள்விகள் கேட்டிருக்கிறீர்கள். ‘ஏலியன் நைன்’ என்ற ஜப்பானிய அனிமேயின், அதாவது அசைபடத் தொடரின், நான்கு பாகங்களையும் பார்த்திருக்கிறீர்கள். பொம்மை முகச் சிறுமிகள், பள்ளிக்கூடம், தலையில் உட்காரும் தவளை என்று எல்லாமே குழந்தைகள் கதைக்கு உரியவை. அப்படியிருந்தும் பார்த்து முடித்தபின் மனம் இவ்வளவு கலங்கியது ஏன் என்பது முதல் கேள்வி. கதை பாதியில் அறுந்து நிற்கிறதே, மூலமான மாங்காவில் (ஜப்பானியப் படக்கதையில்) அது முடிகிறதா என்பது இரண்டாவது. பன்னிரண்டு வயது அக்கா மகளுக்கு அந்த மாங்காவை வாங்கிக் கொடுக்கலாமா என்பது மூன்றாவது.

மூன்றாவதற்கு உடனே பதில் சொல்லிவிடுகிறேன்: வேண்டாம். இரண்டாவதற்கும் ஒரு வரி போதும்: முடிகிறது, ஆனால் நீங்கள் எதிர்பார்க்கிற விதத்தில் அல்ல. முதல் கேள்விக்குத்தான் நிறையப் பேச வேண்டியிருக்கிறது.

‘ஏலியன் நைன்’ மாங்காவை எழுதி வரைந்தவர் ஹிதோஷி தோமிசாவா. அகிதா ஷோதென் பதிப்பகத்தின் ‘யங் சாம்பியன்’ இதழில் 1998, 1999 ஆண்டுகளில் தொடராக வந்து மூன்று தொகுதிகளாக வெளியானது. ஜப்பானில் மாங்கா இதழ்களை வாசகரின் வயதையும் பாலையும் வைத்துப் பிரிப்பார்கள். பையன்களுக்கானவை ஷோனென், சிறுமிகளுக்கானவை ஷோஜோ, வளர்ந்த ஆண்களுக்கானவை செய்னென். யங் சாம்பியன் செய்னென் இதழ். நாயகிகளுக்குப் பன்னிரண்டு வயது என்பதால் வாசகருக்கும் அதே வயது என்று எடுத்துக்கொண்டால் பெரிய ஏமாற்றம் காத்திருக்கிறது. பலரும் விழுந்த குழி இது.

கதை ஒன்பதாம் எண் தொடக்கப்பள்ளியில் நடக்கிறது. தலைப்பிலுள்ள ‘நைன்’ அந்த எண்தான். எண்ணையே பெயராகக் கொண்ட பள்ளிகள் அந்நாட்டில் ஏராளம். நம் காதுக்கு ராணுவ முகாம் போல ஒலித்தாலும் அங்கே அது சாதாரணம். அந்தப் பள்ளி வளாகத்தில் அடிக்கடி வேற்றுக்கிரக உயிரிகள் வந்து இறங்குகின்றன. யாரும் அதிர்ச்சி அடைவதில்லை, படையும் வருவதில்லை. ஆறாம் வகுப்பிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்ட மூன்று சிறுமிகள் முழங்கால் கவசமும் சக்கரக் காலணியும் அணிந்து, லாக்ராஸ் ஆட்டத்தில் பயன்படும் வலை கட்டிய கோலோடு ஓடி அவற்றைப் பிடிக்க வேண்டும். பிடித்தவற்றை வளர்ப்புப் பிராணிகள் போலப் பள்ளியிலேயே அடைத்து வைக்கிறார்கள்.

இந்தக் கதையின் நரம்பு இங்கே ஓடுகிறது. ஜப்பானியத் தொடக்கப்பள்ளி ஆறு ஆண்டுகள் கொண்டது. அங்கே ஒவ்வொரு பிள்ளைக்கும் ஏதாவது ஒரு பொறுப்பு உண்டு. ஒருவர் மதிய உணவைப் பரிமாறுவார், ஒருவர் கரும்பலகையைத் துடைப்பார், ஒருவர் பூச்செடிக்குத் தண்ணீர் ஊற்றுவார். வகுப்பறையையும் நடைபாதையையும் பிள்ளைகளே பெருக்கித் துடைக்கிறார்கள். ஐந்தாம், ஆறாம் வகுப்பை எட்டியதும் பள்ளி முழுவதற்குமான குழுக்களில் சேர வேண்டும்: நூலகக் குழு, ஒலிபரப்புக் குழு, முயல் கூண்டைப் பராமரிக்கும் குழு. பிள்ளைகளுக்குப் பொறுப்புணர்வு வரும் என்று வெளிநாட்டுப் பார்வையாளர்கள் இதை வியந்து எழுதுவதுண்டு, வியக்கத்தக்கதும்தான். தோமிசாவா செய்ததெல்லாம் அந்தப் பட்டியலில் இன்னொரு குழுவைச் சேர்த்ததுதான். நூலகக் குழு, முயல் குழு, ஏலியன் குழு. மற்ற அனைத்தும் அப்படியே இருக்கின்றன. அதே பாராட்டு, அதே கண்டிப்பு, அதே ‘உன் வேலையை நீதானே செய்ய வேண்டும்’ என்ற கனிவான குரல்.

நாயகி யூரி ஓதானிக்கு இந்த வேலை வேண்டாம். ஏலியன்களைக் கண்டாலே அவளுக்கு அருவருப்பு. வகுப்பில் வாக்கெடுப்பு நடக்கிறது, பெரும்பான்மையோர் அவள் பெயரைச் சொல்கிறார்கள், வேலை அவள் தலையில் விழுகிறது. சட்டப்படி எல்லாம் சரி; வாக்குச்சீட்டில் மோசடி ஏதும் இல்லை. தன் தலைக்கு வரவில்லை என்ற நிம்மதியில் முப்பது பேர் சேர்ந்து ஒருத்தியைத் தள்ளிவிடும் அந்தக் காட்சியில் ரத்தம் கிடையாது, அசுரன் கிடையாது. இருந்தும் முழுத் தொடரிலும் என்னை அதிகம் கூசவைத்த காட்சி அதுதான்.

இதை அக்காலத்து மாயச் சிறுமிக் கதைகளோடு ஒப்பிட்டால் தோமிசாவாவின் குறும்பு புரியும். 1990களில் நவோகோ தாகேஉச்சியின் ‘செய்லர் மூன்’ உலகமெங்கும் போயிற்று. சாதாரணப் பள்ளி மாணவி ஒருத்தியைப் பேசும் பூனை தேடி வந்து, அவள் யார் என்ற ரகசியத்தைச் சொல்லி, ஆயுதமும் அழகான உடையும் தருகிறது. இங்கே விதிக்குப் பதில் வாக்கெடுப்பு, பூனைக்குப் பதில் வழவழவென்ற சிறகுள்ள தவளை, மின்னும் உடைக்குப் பதில் முழங்கால் கவசம். உருமாற்றம் இங்கேயும் உண்டு, ஆனால் சண்டை முடிந்ததும் பழைய உருவத்துக்குத் திரும்பிவர வழியில்லை. மாயச் சிறுமிக் கதை இருண்டுபோனது 2011இல் வந்த ‘மதோகா மாகிகா’ அனிமேயில்தான் என்று சொல்கிறவர்கள் இந்த மூன்று தொகுதிகளைப் பார்க்காதவர்கள்.

அந்தத் தவளையின் பெயர் போர்க். அதுவும் ஓர் ஏலியன். தொப்பி போலச் சிறுமியின் தலையில் அமர்ந்துகொள்கிறது. ஆபத்து வந்தால் அதன் உடலிலிருந்து துரப்பணங்கள் நீண்டு எதிரியைத் துளைக்கின்றன. அதற்குக் கூலி வேண்டாமா? அணிந்திருப்பவளின் முதுகை நக்கி, வியர்வையையும் அழுக்கையும் தின்று அது பசியாறுகிறது. ஆசிரியை இதை மிக இயல்பாக விளக்குகிறார். உனக்குப் பாதுகாப்பு, அதற்குச் சாப்பாடு, இருவருக்கும் லாபம்.

உயிரியலில் இதற்கு இணைவாழ்வு என்று பெயர். பெரிய மீன்களின் உடலில் இருக்கும் ஒட்டுண்ணிகளைக் கொத்தித் தின்று வாழும் சிறு மீன்கள் உண்டு. பெரிய மீன் வாயைத் திறந்து காட்டிக்கொண்டு அசையாமல் நிற்கும். இன்னும் ஆழமாகப் போனால், நம் உயிரணுவுக்குள் ஆற்றல் தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியா ஒருகாலத்தில் தனித்து வாழ்ந்த பாக்டீரியா என்கிற கருத்து வருகிறது. லின் மார்குலிஸ் 1967இல் வெளியிட்ட கட்டுரை அதற்கு உயிர் கொடுத்தது. முதலில் சிரித்தவர்கள் பின்னர் பாடநூலில் சேர்த்தார்கள். இரண்டு உயிர்கள் ஒன்றாவது இயற்கையில் புதிதல்ல, பல சமயம் அதனால் இரண்டுமே பிழைத்திருக்கின்றன. தோமிசாவாவுக்கு இது நன்றாகத் தெரியும். அதனால்தான் அவர் போர்க்கை வில்லனாக்கவில்லை. இப்படி ஒன்றாகிவிடுவது நல்லதா கெட்டதா என்பதை விட்டுவிட்டு, ஒன்றாகப் போகிறவளிடம் யாராவது கேட்டார்களா என்பதையே கதை திரும்பத் திரும்பத் துருவுகிறது. பாக்டீரியாவிடம் யாரும் கேட்கவில்லை. யூரியிடமும் கேட்கவில்லை.

ஹிதோஷி இவாகியின் ‘கிசெய்ஜூ’வை நீங்கள் படித்திருந்தால் வேறுபாடு பளிச்சென்று தெரியும். 1995இல் முடிந்த அந்தக் கதையில் ஒரு மாணவனின் வலது கையை ஒட்டுண்ணி ஒன்று பிடித்துக்கொள்கிறது. அவனும் அதுவும் வாதாடுகிறார்கள், பேரம் பேசுகிறார்கள், உலகத்துக்குத் தெரியாமல் மறைக்கிறார்கள். அங்கே அந்நியமானது இரவில் திருட்டுத்தனமாக நுழைகிறது. ‘ஏலியன் நைன்’ கதையில் அதைப் பெரியவர்களே கொண்டுவந்து, பட்டப்பகலில், பள்ளி நேரத்தில், சிறுமியின் தலையில் வைக்கிறார்கள்.

இனி மூவரைப் பற்றி. யூரி அழுகிறாள். தொடக்கத்தில் அழுகிறாள், நடுவில் அழுகிறாள், போர்க்கைப் பார்த்தால் அழுகிறாள், அது தன்னைக் காப்பாற்றி ரத்தத்தில் நனைத்தபின் இன்னும் அதிகமாக அழுகிறாள். பார்வையாளர்களில் பாதிப்பேருக்கு இவள்மீது எரிச்சல். ‘எப்போது பார்த்தாலும் மூக்கைச் சிந்திக்கொண்டு, வளரவே மாட்டாளா?’ என்று கேட்கிறார்கள். கதையின் பொறி அந்த எரிச்சலில்தான் இருக்கிறது. நடப்பதைச் சரியாகப் புரிந்துகொண்டவள் அவள் ஒருத்திதான். அந்நிய உயிர் முதுகை நக்குகிறது என்றால் அலறத்தான் வேண்டும். அலறாதவர்கள் தைரியசாலிகள் அல்லர், பழகிப்போனவர்கள். ‘கொஞ்சம் பொறுத்துக்கொள், பழகிவிடும்’ என்று நாமும் உள்ளுக்குள் சொல்லத் தொடங்கும்போது, நாம் அந்த ஆசிரியையின் பக்கம் போய் நின்றுவிட்டோம். நீங்கள் சொன்ன மனக்கலக்கத்தில் பெரும்பங்கு இதிலிருந்துதான் வருகிறது என்பது என் கணிப்பு. படம் நம்மைப் பயமுறுத்துவதோடு நிற்காமல் உடந்தையாக்கவும் செய்கிறது.

குமி கவாமுரா வேறு ரகம். பல ஆண்டுகள் வகுப்புத் தலைவியாக இருந்து அலுத்துப்போனவள். பிறரைக் கவனித்துக்கொள்ளும் வேலையிலிருந்து தப்பிக்கவே ஏலியன் குழுவுக்கு வருகிறாள். வந்த இடத்தில் யூரியைக் கவனித்துக்கொள்ளும் வேலை காத்திருக்கிறது. பேச்சு குறைவு, முகத்தில் உணர்ச்சி காட்டுவதில்லை. ‘பொறுப்பான பெண்’ என்று பெயரெடுத்த பிள்ளைகளின் தலைவிதியை மூன்று தொகுதிகளில் யாராவது இவ்வளவு நறுக்காகச் சொல்லியிருக்கிறார்களா என்று தெரியவில்லை. ஒரு சிறுமி பன்னிரண்டு வயதிலேயே களைத்துப்போயிருக்கிறாள். அதைக் கண்டுகொள்கிற பெரியவர் ஒருவரும் இல்லை.

கசுமி தோமினே எதைத் தொட்டாலும் துலங்குபவள். படிப்பு, விளையாட்டு, கலை எல்லாம் வரும். ஏலியன் வேட்டை அவளுக்கு வேடிக்கை. தானாகவே முன்வந்து சேர்கிறாள். அவளுக்கு ஒரு குறை உண்டு. உயிருக்குயிரான அண்ணன் வீட்டைவிட்டுத் தொலைவில் இருக்கிறான். ‘மஞ்சள் கத்தி’ என்று அழைக்கப்படும் ஏலியன் அவளைப் பிடிக்கும் பகுதியை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அது அவளை அடித்து வீழ்த்தவில்லை, அவளுடைய ஏக்கத்துக்குள் இறங்குகிறது. துணிச்சலான பிள்ளை பிழைக்கும், கோழை சாகும் என்பது வழக்கமான கணக்கு. இங்கே கணக்குத் தலைகீழ். கதவைத் திறந்து வைத்திருந்தவள் முதலில் போகிறாள், கதவை இறுக்கிப் பிடித்துக்கொண்டு அழுதவள் நெடுநேரம் மனுஷியாகவே மிஞ்சுகிறாள்.

ஆசிரியை மெகுமி ஹிசகாவாவை விட்டுவிட முடியாது. குழுவுக்குப் பொறுப்பாளர், எப்போதும் சிரித்த முகம், மெல்லிய குரல். அவரே ஏற்கெனவே ஓர் ஏலியனோடு இணைந்தவர் என்பது மெல்ல வெளிப்படுகிறது. இந்த ஒரு தகவலில் பள்ளியின் உள்நோக்கம் முழுவதும் வெளிச்சமாகிவிடுகிறது. ஏலியன்களிடமிருந்து பிள்ளைகளைக் காக்கவே இந்தக் குழு என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். உண்மையில், நாற்றங்காலில் நாற்று வளர்ப்பதுபோல அடுத்த தலைமுறை இணையுயிர்களை அது வளர்த்துக்கொண்டிருக்கிறது. ஹிசகாவா கொடுமைக்காரி என்று சொல்லவும் முடியவில்லை. தனக்கு நேர்ந்தது நல்லதுதான் என்று அவர் மனமார நம்புகிறார், அல்லது அவருக்குள் இருப்பது நம்புகிறது. எது அவர், எது அது என்று பிரித்துப் பார்க்க வழியில்லை. கொஞ்சம் கொஞ்சமாக மாறிப்போன ஒருவர் இன்னும் அதே ஆள்தானா என்ற பழைய தத்துவச் சிக்கலைத் தோமிசாவா ஒரு வசனம்கூட எழுதாமல் ஓர் ஆசிரியையின் புன்னகையில் வைத்துவிட்டார்.

வரைகலையைப் பற்றி இரண்டு வார்த்தை. வட்ட முகம், பெரிய கண், குட்டைக் கால் என்று உருவங்கள் மென்மையானவை. ஏலியன்கள் மட்டும் நரம்பும் மடிப்பும் வழவழப்புமாக வேறு கையால் வரைந்தது போலிருக்கும். இரண்டும் ஒரே கட்டத்துக்குள் வந்து தொடும்போதுதான் வயிறு கலங்குகிறது. முழுவதும் கொடூரமாக வரைந்திருந்தால் இரண்டாவது அத்தியாயத்தில் நமக்குப் பழகியிருக்கும்.

இத்தகைய கதை ஏன் அந்தக் காலத்தில் வந்தது என்று கேட்டால், 1995 ஜனவரியில் கோபே நகரைக் குலைத்த நிலநடுக்கத்தையும் அதே ஆண்டு மார்ச்சில் தோக்கியோ சுரங்க ரயிலில் ஓம் ஷின்ரிக்கியோ அமைப்பினர் நடத்திய சாரின் நச்சுத் தாக்குதலையும் சுட்டுவது விமர்சகர்களின் வழக்கம். 1990களின் எந்த ஜப்பானியப் படைப்புக்கும் இந்த விளக்கம் பொருந்தும். அதனாலேயே எனக்கு அதில் சுவை குறைவு. ‘ஏலியன் நைன்’ கதைக்குப் பள்ளிக்கூடமே போதும். ஆண்டுக்கு முப்பது நாளோ அதற்கு மேலோ பள்ளிக்கு வராமல் இருக்கும் பிள்ளைகளை அந்நாட்டுக் கல்வித்துறை தனியாகக் கணக்கெடுக்கிறது. நோயோ வறுமையோ காரணமல்லாமல் இப்படி விலகி நின்ற தொடக்க, நடுநிலைப் பள்ளி மாணவர் தொகை 1997 கல்வியாண்டில் ஒரு லட்சத்தைத் தாண்டியது. வகுப்பறை ஒழுங்கு குலைந்துபோவதைப் பற்றிய கவலை அடுத்த ஓரிரு ஆண்டுகளில் செய்திகளில் நிறைந்தது. பள்ளிக்குப் போக மறுக்கும் பிள்ளையிடம் என்ன கோளாறு என்று நாடே கேட்டுக்கொண்டிருந்த நேரத்தில், மறுக்கிற பிள்ளைதான் சரியோ என்று கேட்ட மாங்கா இது. யூரிக்கு வீடு இருக்கிறது, அன்பான அம்மா இருக்கிறார். மறுநாள் காலை பை மாட்டிக்கொண்டு போய்த்தான் ஆக வேண்டும் என்பது மட்டும் மாறுவதில்லை.

குறைகள் இல்லாமல் இல்லை. கதை சில இடங்களில் விளக்கமின்றித் தாவுகிறது. எந்த இனம் எந்த இனத்தோடு ஏன் மோதுகிறது என்பது இறுதிவரை கலங்கலாகவே இருக்கும். முதுகை நக்கும் காட்சிகளைத் தோமிசாவா தேவைக்கு மேல் நீட்டுகிறார் என்பதும் என் கருத்து. அருவருப்பை உண்டாக்கத்தான் அப்படிச் செய்தார் என்று வாதிடலாம், ஆனால் வளர்ந்த ஆண்களுக்கான இதழில் சிறுமிகளின் உடல்மீது இவ்வளவு நேரம் பார்வை நிற்பது நெருடுகிறது. அந்த நெருடலை ரசிகர்கள் பூசி மெழுகத் தேவையில்லை.

இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். நீங்கள் பார்த்தது ஜே.சி. ஸ்டாஃப் நிறுவனம் 2001, 2002இல் வெளியிட்ட ஓவிஏ. அதாவது தொலைக்காட்சிக்கு அல்லாமல் நேரடியாக வீடியோவாக விற்கத் தயாரிக்கப்பட்டது. மாங்காவின் ஏறத்தாழ முதல் பாதியோடு அது நிற்கிறது. எடுத்த அளவுக்கு மிக நேர்மையான ஆக்கம். இசையும் வண்ணமும் மாங்காவைவிட இதமாக இருப்பதால் பயம் இன்னும் கூடுகிறது என்றுகூடச் சொல்லலாம். மீதிக்கு மாங்காவைத்தான் நாட வேண்டும். மூன்றாவது தொகுதியில் மூவரின் கதையும் ஓர் இடத்துக்கு வந்து சேர்கிறது. அதை இங்கே உடைக்கப்போவதில்லை. பூமி காப்பாற்றப்படும் உச்சக்கட்டப் போர், பட்டமளிப்பு விழாவில் கண்ணீர் மல்கும் விடைபெறல் போன்றவற்றை எதிர்பார்த்துப் போகாதீர்கள். ‘எமுலேட்டர்ஸ்’ என்ற ஒரே தொகுதித் தொடர்ச்சி 2003இல் வந்தது. சிறுமிகள் இப்போது நடுநிலைப் பள்ளியில் இருக்கிறார்கள். முதல் மூன்றின் இறுக்கம் அதில் இல்லை, பிடித்திருந்தால் மட்டும் படிக்கலாம். ஆங்கிலத்தில் இவற்றை வெளியிட்ட அமெரிக்காவின் சென்ட்ரல் பார்க் மீடியா 2009இல் மூடப்பட்டுவிட்டதால் பழைய பிரதிகளைத்தான் தேட வேண்டும். விலையைப் பார்த்து மலைக்காதீர்கள். பொறுமையாகத் தேடினால் தனித்தனித் தொகுதிகளாகச் சேர்த்துவிடலாம்.

இதே வகையில் இன்னொன்று வேண்டுமென்றால் மோஹிரோ கிதோவின் ‘போகுரானோ’வைத் தேடுங்கள். 2003 முதல் 2009 வரை வந்தது. பிள்ளைகள் சிலர் விளையாட்டு என்று நினைத்து ஓர் ஒப்பந்தத்தில் கைவைக்கிறார்கள். ராட்சத இயந்திரத்தை ஓட்டி ஒரு போரில் வெல்லும் ஒவ்வொருவரும் அந்தப் போர் முடிந்ததும் உயிரை விட வேண்டும். ‘ஏலியன் நைன்’ கதையைவிட நீளம், துயரமும் அதிகம், ஆனால் அதிலுள்ள துயரத்துக்கு ஒரு கௌரவம் இருக்கிறது. யூரிக்கு அதுவும் கிடைப்பதில்லை.

அக்கா மகள் விஷயம்: வேண்டாம் என்றதற்குக் காரணம் ரத்தம் அல்ல. அந்த வயதுப் பிள்ளைகள் அதைவிட அதிகமாகக் கைப்பேசி விளையாட்டுகளில் பார்க்கிறார்கள். பெரியவர்கள் சிரித்துக்கொண்டே கைவிடுவார்கள் என்பதுதான் இந்தக் கதை சொல்லும் சேதி, அதை ஆறாம் வகுப்பில் படிக்கிற பிள்ளையிடம் துணையில்லாமல் கொடுப்பதில் எனக்கு உடன்பாடில்லை. பதினாறு வயது ஆகட்டும். அதற்கு முன்பே தானாகத் தேடிப்பிடித்துப் படித்துவிட்டு வந்தாளானால், ‘இதையெல்லாம் ஏன் படிக்கிறாய்’ என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். எந்த இடத்தில் பயம் வந்தது என்று கேளுங்கள்.